சாய்வுக் கண்ணாடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை இரவு. தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில் எங்கள் தொலைநோக்கியை நிறுத்தி வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தோம். வானம் நன்றாக வெளித்திருந்தது. அது எவ்வளவு பெரிய விசயம் என்று புசல்லாவைக்காரருக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்கே மூட்டம் இறங்கி எதிர்மலை காணாமல் போகிற ஊர் இது. அன்றைக்கு எப்படியோ தப்பிவிட்டோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வரிசையில் வந்து பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு ஆயா வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. வியாழனுக்குப் பக்கத்தில் தெரிந்த நாலு புள்ளிகளையும் தானாகவே கண்டுபிடித்தார். பிறகு கேட்டார்: "அது சரி தம்பி, நடுவுல ஒரு கோடு போகுதே. அது வானத்துல இருக்கா, ஒங்க கொழாயில இருக்கா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். கோடு இருந்தது. வியாழனைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று. பத்துப் பன்னிரண்டு இரவுகள் அதே தொலைநோக்கியில் பார்த்திருக்கிறோம். ஒருவரும் கேட்காத கேள்வியை ஆயா கேட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இதுதான் பேச்சு. கண்வில்லைக்கு முன்னால் ஒளியை வளைத்துத் தருகிற சின்னப் பெட்டி ஒன்று தொலைநோக்கியோடு வந்திருந்தது. கடைகளில் அதை டயகனல் என்பார்கள். நாங்கள் சாய்வுக் கண்ணாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதை மாற்றவேண்டும் என்று ஒரு பக்கம். 99 வீதம் ஒளியைத் திருப்பித் தருகிற உயர்தர டயகனல் ஒன்றின் விலையையும் தேடி எடுத்திருந்தார்கள். நூறு டொலர். இன்றைய கணக்கில் முப்பதாயிரம் ரூபா சொச்சம், தபாலும் சுங்கமும் வேறு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இருபத்திரண்டு நாள் வேலை. எங்கள் உண்டியலில் இருப்பது அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

"ஒரு துண்டுக் கண்ணாடிக்கு இவ்வளவா?" என்று மறுபக்கம் கேட்டது. அதற்கு எங்களில் ஒரு தங்கச்சி சொன்ன பதில் எல்லோரையும் கொஞ்ச நேரம் வாயடைக்க வைத்தது: "எப்பப் பாத்தாலும் நமக்கு மட்டும் ரெண்டாந்தரம் போதுமா? பழைய புத்தகம், பழைய கம்பியூட்டர், இப்ப பழைய கண்ணாடியுமா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கோபத்தில் காசைக் கொட்டவும் முடியாது. ஆகவே வழக்கம்போல் நாங்கள் வரலாற்றைப் புரட்டினோம். சாய்வுக் கண்ணாடியை மாற்றுவதா விடுவதா என்பது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. முந்நூற்றைம்பது வருடமாக வானம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்திருக்கிறது. அவர்கள் எப்போது செலவழித்தார்கள், எப்போது விட்டார்கள் என்று பார்த்ததில் எங்களுக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், அது என்ன வேலை செய்கிறது?

சாய்வுக் கண்ணாடி எதையும் பெரிதாக்காது. ஒளியைச் சேர்க்காது. வந்த ஒளியின் திசையைத் திருப்பும், அவ்வளவுதான். வில்லைத் தொலைநோக்கியில் ஒளி குழாய்க்குள் நேராகப் போய்ப் பின்பக்கத்தால் வெளியே வரும். உச்சிவானத்தில் இருக்கிற கோளைப் பார்க்கவேண்டுமென்றால் கண்வில்லை தரையைப் பார்க்கும், நாம் மல்லாந்து படுக்கவேண்டும். நாம் இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். கோள்கள் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலாகவே போகும். ஆகவே இங்கே சாய்வுக் கண்ணாடி சொகுசுச் சாமான் இல்லை, தேவை. ஆடித் தொலைநோக்கியில் இன்னும் கட்டாயம். அங்கே பெரிய குழியாடி ஒளியை வந்த வழியே மேலே திருப்பி அனுப்பும். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஒளியைப் பக்கவாட்டில் எடுக்காவிட்டால், பார்க்க வந்தவரின் தலையே வானத்தை மறைத்துவிடும்.

திசை திருப்பும்போது இரண்டு தீங்கு நடக்கலாம். ஒன்று, ஒளியில் ஒரு பங்கு தொலையும். அதை இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மற்றது, கண்ணாடி சரியான தட்டையாக இல்லாவிட்டாலோ கோணல்மாணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலோ பிம்பம் கெடும். அது பழுது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசு வீண். விளம்பரங்கள் பெரும்பாலும் இழப்பைப் பற்றியே பேசும், ஏனென்றால் அதற்கு ஒரு எண் சொல்லலாம்.

நியூட்டனின் உலோகம்

1668 இல் ஐசாக் நியூட்டன் தன் கையாலேயே முதல் ஆடித் தொலைநோக்கியைச் செய்தார். கையில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய சின்னச் சாமான். ஆடியின் விட்டம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசித் துல்லியமான ஆடி செய்யும் வித்தை கிடையாது. செம்பையும் தகரத்தையும் உருக்கிக் கலந்து, வெண்மையாக மினுங்குகிற ஆடி உலோகத்தை வார்த்து, அதைத் தேய்த்து மெருகேற்றித்தான் ஆடி செய்தார்கள். நியூட்டனின் சாய்வுக் கண்ணாடியும் அதே உலோகம்தான்.

அந்த உலோகத்தின் குறை என்னவென்றால், புதிதாக மெருகேற்றிய நிலையிலேயே விழுகிற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். பெரிய ஆடியில் ஒருமுறை பட்டு மூன்றில் இரண்டு. அந்த மூன்றில் இரண்டு சாய்வுக் கண்ணாடியில் பட்டு மறுபடி மூன்றில் இரண்டு. கடைசியில் கண்ணுக்கு வருவது ஒன்பதில் நாலு பங்கு, அதாவது 44 வீதம். பாதிக்கு மேல் வழியிலேயே செலவு.

நியூட்டனுக்கு இது தெரிந்திருந்தது. 1704 இல் வெளிவந்த 'ஒப்ரிக்ஸ்' நூலில், சாய்வாக வைக்கும் உலோகத் துண்டுக்குப் பதில் ஒரு கண்ணாடி அரியத்தை வைக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அரியத்துக்குள் ஒளி முழு உட்தெறிப்பு அடையும். அந்தத் தெறிப்பில் இழப்பே இல்லை, கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் போகிற சொற்பம்தான் இழப்பு. அதாவது சாய்வுக் கண்ணாடியைத் தரமுயர்த்தலாம் என்று முதலில் யோசித்தவர், அதை முதலில் பொருத்தியவரேதான்! ஆனால் குமிழியும் நரம்பும் இல்லாத நல்ல கண்ணாடி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. உலோகம்தான் நெடுங்காலம் நீடித்தது. 1721 இல் ஜோன் ஹட்லி ஆறு அங்குல ஆடியோடு ஒரு நியூட்டன் வகைத் தொலைநோக்கியை லண்டன் றோயல் சொசைட்டியில் காட்டினார். ஆடித் தொலைநோக்கி விளையாட்டுச் சாமான் இல்லை என்று உலகம் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கண்ணாடியைக் கழற்றி எறிந்தவர்

எங்கள் கேள்விக்கு வரலாற்றில் கிடைக்கிற மிகத் தெளிவான பதில் வில்லியம் ஹேர்ஷலிடம் இருக்கிறது. ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன இசைக்காரர் அவர். பகலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரமெல்லாம் ஆடி தேய்த்தார். மணிக்கணக்கில் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் மெருகேற்றும்போது தங்கை கரோலின் அவருக்கு உணவை வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார். கரோலினும் பின்னாளில் பல வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்த வானியலாளர். 1781 மார்ச் 13 அன்று, தானே செய்த ஏழடித் தொலைநோக்கியில் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டார். அந்தத் தொலைநோக்கியில் சாய்வுக் கண்ணாடி இருந்தது.

பிறகு இருபதடி நீளக் குழாயும் பதினெட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட ஆடியும் கொண்ட பெரிய தொலைநோக்கியைக் கட்டினார். மங்கலான பொருள்களைத் தேடுவதே அதன் நோக்கம். அங்கே ஒவ்வொரு சொட்டு ஒளியும் காசு. 1786 இல் அவர் ஒரு முடிவெடுத்தார். சாய்வுக் கண்ணாடியையே கழற்றிவிட்டார். பெரிய ஆடியைக் கொஞ்சம் சரித்து வைத்தார். பிம்பம் குழாயின் வாயோரம் வந்து விழுந்தது. குழாயின் மேல் நுனியில், வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார்.

கணக்கு இதுதான். இரண்டு தெறிப்பில் 44 வீதம் வந்த ஒளி, ஒரே தெறிப்பில் 67 வீதமாகிறது. முன்பு வந்ததைப்போல் ஒன்றரை மடங்கு! புது ஆடி வார்க்காமல், புதுக் குழாய் கட்டாமல், ஒரு துண்டைக் கழற்றியதால் கிடைத்த லாபம். சில மாதங்களில் பலனும் தெரிந்தது. 1787 ஜனவரி 11 அன்று யுரேனஸின் இரண்டு துணைக்கோள்களை அவர் கண்டார். பின்னால் அவற்றுக்கு டைட்டானியா, ஒபெரோன் என்று பெயர் வந்தது.

இதில் நாங்கள் கவனித்த இன்னொரு விசயம் உண்டு. ஹேர்ஷல் எல்லாத் தொலைநோக்கியிலும் கண்ணாடியைக் கழற்றவில்லை. விற்பதற்காகச் செய்த ஏழடித் தொலைநோக்கிகளில் சாய்வுக் கண்ணாடி அப்படியே இருந்தது. சின்னக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தலையே பாதி ஒளியை மறைத்துவிடும். ஆடியைச் சரித்தால் பிம்பமும் கொஞ்சம் கெடும். பெரிய தொலைநோக்கியில் இழப்பைத் தவிர்ப்பதற்காகக் கொஞ்சம் பழுதை ஏற்றுக்கொண்டார். சின்னதில் பழுதைத் தவிர்ப்பதற்காக இழப்பை ஏற்றுக்கொண்டார். ஒரே மனிசன், ஒரே உலோகம், இரண்டு வேறு முடிவு.

திருகோணமலையில் ஒரு பொறியியலாளன்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சின்ன மாற்றத்தைச் சொல்லியாகவேண்டும். 1856, 1857 இல் ஜேர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியைத் தேய்த்து, அதன் மேல் மெல்லிய வெள்ளிப் படலத்தைப் படியவைத்து ஆடி செய்தார்கள். புது வெள்ளி 95 வீதமளவு ஒளியைத் திருப்பித் தரும். இரண்டு தெறிப்புக்குப் பிறகும் 90 வீதம் மிச்சம். ஹேர்ஷலின் தந்திரத்துக்கு அத்தோடு வேலையில்லாமல் போயிற்று. சாய்வுக் கண்ணாடியைக் கழற்றினால் இப்போது மிஞ்சுவது ஐந்து வீதம்தான், அதற்காக யார் குழாயின் நுனியில் ஏறி நிற்பார்கள்?

ஆனால் வெள்ளிக்கு வேறு வியாதி. ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் பட்டால் கறுத்துப்போகும். கழுவி, பழைய படலத்தைக் கரைத்து, மறுபடி பூசவேண்டும். ஆக, "எந்தக் கண்ணாடி வாங்குவது?" என்ற கேள்வி "எப்போது மறுபடி பூசுவது?" என்ற கேள்வியாக மாறியது.

இந்த வெள்ளிக் காலத்தில்தான் நம் நாட்டிலிருந்து ஒருவர் உலக வானியலில் பெயர் பதித்தார். பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த். அவருடைய அப்பா கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த், இலங்கை ரயில் பாதையைப் போட்ட பொறியியலாளர்களில் முக்கியமானவர். கொழும்பிலிருந்து போட்ட பாதை 1867 இல் கண்டியை எட்டியது. கோப்பியை மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. அந்தக் கோப்பியை நட்டதும் பறித்ததும் சுமந்ததும் யார் என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதே 1867 இல் கொழும்பில் பேர்சி பிறந்தார்.

வளர்ந்து பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் படையில் அதிகாரியாகி, திருகோணமலைக்கு வந்தார். அங்கே 12½ அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்றை வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஜோர்ஜ் கல்வர் செய்தது, வெள்ளி பூசிய ஆடி. அதில் வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாகப் பார்த்து வரைந்தார். 1901 பெப்ரவரியில் வியாழனின் தென் அரைக்கோளத்தில் ஒரு புதிய குழப்பத்தைக் கண்டார். 'தென் வெப்பமண்டலக் குழப்பம்' என்று அதற்குப் பெயர். சுமார் நாற்பது வருடம் அது நீடித்தது. 1908 இல், நாற்பத்தொரு வயதில், திருகோணமலையிலேயே மோல்ஸ்வேர்த் இறந்தார். இன்று செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர்.

பன்னிரண்டரை அங்குலம் நல்ல அளவுதான். ஆனால் அதே அளவும் அதைவிடப் பெரியதும் இங்கிலாந்தில் பலரிடம் இருந்தன. பிறகு எப்படி இவர் முந்தினார்? அந்த வருடங்களில் வியாழன் தென்வானத்தில், தனுசுப் பக்கம் இருந்தது. லண்டன் கிரீனிச்சில் நின்று பார்த்தால் அது அதிகம் ஏறினால் அடிவானத்திலிருந்து 15, 16 பாகை உயரம். கூரைகளுக்கும் புகைக்கும் நடுவில் தேடவேண்டும். திருகோணமலையில் அதே வியாழன் 58 பாகைக்குக் கிட்ட ஏறும். இங்கிலாந்தில் அந்த ஒளி கடந்து வரவேண்டிய காற்று, திருகோணமலையில் கடக்கவேண்டியதைப்போல் மூன்று மடங்கு. மேலே ஏறிய கோளின் பிம்பம் தளும்பாமலும் இருக்கும். கண்ணாடிக்கு எவ்வளவு செலவழித்தாலும் இங்கிலாந்துக்காரர் இதை வாங்கியிருக்க முடியாது. மோல்ஸ்வேர்த்தின் திறமையும் உழைப்பும் பெரியவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு வாய்த்த மிகப் பெரிய தரமுயர்வு கண்ணாடியில் இல்லை, நம் நாட்டின் வானத்தில் இருந்தது.

அலுமினியமும் இன்றைய 99 வீதமும்

1930களில் அமெரிக்காவில் ஜோன் ஸ்ட்ரோங் என்ற இயற்பியலாளர், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியின் மேல் படியவைத்தார். 1935 இல் மவுண்ட் வில்சனின் நூறு அங்குல ஆடிக்கே அலுமினியம் பூசிவிட்டார்கள். வெள்ளியைவிட அலுமினியம் கொஞ்சம் குறைவாகவே தெறிக்கும், 88 முதல் 90 வீதம். ஆனாலும் உலகம் முழுக்க வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்துக்கு மாறியது. ஏனென்றால் அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகி அதைக் காக்கும், வெள்ளிபோல் சட்டென்று கறுக்காது. எண்ணில் கொஞ்சம் குறைந்தாலும் நின்று உழைக்கிறதைத் தேர்ந்தார்கள். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 இல் திறந்த 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் அலுமினியம் பூசியதுதான். அதை மறுபடி பூசுவதற்கான வெற்றிடக் கலம் அங்கேயே இருக்கிறது. பெரிய ஆய்வகங்களுக்கும் பராமரிப்புத்தான் தினசரிக் கவலை.

இன்று விற்கிற 99 வீத டயகனலில் உலோகமே முக்கியமில்லை. ஒளி ஊடுருவுகிற இரண்டு வகைப் பொருள்களை மாறிமாறி மிக மெல்லிய பல அடுக்குகளாகப் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் தெறிக்கிற சொற்ப ஒளி ஒன்றோடொன்று கூடி ஏறக்குறைய முழுதாகத் திரும்பும். கறுக்காது, துடைப்பதற்கும் பயமில்லை. நல்ல சாமான், நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் கணக்கைப் போடுவோம். 90 இலிருந்து 99 க்குப் போனால் ஒளி பத்து வீதம் கூடும். வானியலாளர் அளக்கிற பிரகாச அலகில் அது 0.1. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே ஒழியக் கண் அதைப் பிடிக்காது. எங்கள் தொலைநோக்கியின் வில்லை 80 மில்லிமீற்றர். புது டயகனல் போட்டால் அது 84 மில்லிமீற்றர் வில்லைபோல் வேலை செய்யும். முப்பதாயிரம் ரூபாவுக்கு நாலு மில்லிமீற்றர்!

அதே பத்து வீதத்தை வேறு எங்கே தேடலாம் என்று யோசித்தோம். ஒரு கோள் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடக்கவேண்டும். 60 பாகைக்கு ஏறிவிட்டால் அது 1.15 மடங்காகக் குறையும். தெளிந்த வானத்தில்கூட இந்த வித்தியாசம் பதினைந்து முதல் இருபது வீதம் ஒளி. நமது ஊரில் கோள்கள் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும், ஆகவே 30 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போக இரண்டு மணித்தியாலம்தான். அதாவது ஏழு மணிக்குப் பதில் ஒன்பது மணிக்குப் பார்த்தால், புது டயகனல் தருவதைவிடக் கூடுதல் ஒளி சும்மா கிடைக்கும். பிள்ளைகளுக்கு நித்திரை வரும், அது வேறு கதை.

இன்னொரு உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. மொரட்டுவ, கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் யப்பான் அரசு அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் இருக்கிறது. எத்தனையோ மாணவர்களை வானியலுக்குள் கொண்டுவந்த கருவி. ஆனால் அது நிற்கிற இடத்துக்கு மேல் தலைநகரப் பக்கத்து விளக்கொளியும் கடற்கரை ஈரமும். எங்களுக்கோ கருவி சின்னது, இரவு கறுப்பு. ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் மழையும் மூட்டமும், வானத்தை மறந்துவிடலாம். எங்களிடம் பற்றாக்குறையாக இருப்பது ஒளியில்லை, வெளித்த இரவுகள்.

ஆயாவின் கோடு

அப்படியென்றால் மாற்றவே வேண்டாமா? இங்கேதான் ஆயாவின் கேள்வி எங்களைக் காப்பாற்றியது. அவர் "மங்கலா இருக்கு" என்று சொல்லவில்லை. "கோடு போகுது" என்றார். அவர் கண்டது இழப்பு இல்லை, பழுது.

சோதித்துப் பார்த்தோம், காசில்லாத சோதனை. டயகனலைக் கழற்றிவிட்டு, கண்வில்லையை நேராகக் குழாயில் வைத்துப் பார்த்தோம். டயகனல் இல்லாதபோது குழாயின் நீளம் போதாது, குவியம் வராது. கண்வில்லையைக் கையால் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. முழங்காலில் நின்று, கை நடுங்க, வியாழனைப் பிடித்தோம். கோட்டைக் காணவில்லை. கோடு வானத்தில் இல்லை ஆயா, எங்கள் குழாயில்தான்.

பிறகு அந்தப் பெட்டியை ஆராய்ந்ததில் விசயம் புரிந்தது. அதற்குள் இருந்தது கண்ணாடியே இல்லை, 45 பாகையில் வளைக்கிற ஒரு அரியம். பகலில் மலையையும் பறவையையும் பார்ப்பதற்காக, பிம்பத்தை மேல்கீழ், இடம்வலம் எல்லாம் சரியாக நிமிர்த்தித் தருகிற வகை. அந்த அரியத்தில் கூரைமுகடு மாதிரி இரண்டு முகங்கள் சேர்கிற ஒரு விளிம்பு உண்டு. பிரகாசமான புள்ளியைப் பார்க்கும்போது அந்த விளிம்புதான் கோடாகத் தெரியும். 45 பாகைதான் வளைவதால் உச்சிவானத்தைப் பார்க்க மண்டியிடவும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் இவ்வளவு நாளும் மண்டியிட்டுப் பார்த்தது இதனால்தான். ஆயாவும் அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தார்.

இதற்கு 99 வீதம் தேவையில்லை. 90 பாகையில் வளைக்கிற சாதாரண அலுமினியக் கண்ணாடி டயகனல் போதும். இருபது முப்பது டொலரில் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்குப் பதில் ஒன்பதாயிரத்துக்குள். அதை வாங்க முடிவெடுத்தோம். ஒரு குறை உண்டு. பிம்பம் நிமிர்ந்திருக்கும், ஆனால் இடம்வலம் மாறியிருக்கும். நிலாப் படத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிற பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தங்கச்சியின் கேள்விக்கும் இதுதான் எங்கள் பதில். இரண்டாந்தரம் நமக்குப் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. பழுதான கண்ணாடியில் ஒரு பிள்ளையும் பார்க்கக்கூடாது. ஆனால் பழுது நீங்கிய பிறகு எண்ணுக்காகக் கொடுக்கிற காசு வேறு. ஹேர்ஷலுக்குக் கண்ணாடியில் கை வைத்ததால் ஒளி ஒன்றரை மடங்கானது, ஆகவே கை வைத்தார். எங்களுக்குப் பத்து வீதம், ஆகவே வைக்கவில்லை. தரம் வேண்டும் என்று கேட்பதும், எது தரம் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம். விளம்பரம் சொல்கிற எண்ணை அப்படியே நம்பினால், அந்த உரிமையை இன்னொருவரிடம் விட்டுக்கொடுக்கிறோம்.

மிச்சக் காசுக்குக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். வருகிற தை, மாசி, பங்குனியில் வானம் வெளிக்கிற சனிக்கிழமைகளில் தொலைநோக்கியை ஓட்டோவில் ஏற்றி, பஸ் போகாத மேற்கணக்கு லயங்களுக்குக் கொண்டுபோவது. மோல்ஸ்வேர்த் பார்த்த அதே வியாழன் நம் தலைக்கு மேலும் போகிறது. அவருடைய அப்பாவின் ரயில் இறக்கிய கோப்பியைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கு ஓட்டோச் செலவுதான் தடை என்றால், அந்தச் செலவுதான் எங்களுக்கு முதல் தரமுயர்வு.

உங்களிடமோ உங்கள் பாடசாலையிலோ பெட்டிக்குள் தூங்குகிற தொலைநோக்கி ஏதும் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் ஒரு இரவு வெளியே எடுங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை டயகனலோடும் டயகனல் இல்லாமலும் பாருங்கள். இரண்டும் ஒரேமாதிரி இருந்தால் காசை வைத்திருங்கள். வித்தியாசம் இருந்தால் அது மங்கலா, கோணலா, கோடா என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். முடிந்தால், பக்கத்து வீட்டு ஆயா ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நமக்குப் பழகிப்போன குறையை அவர் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.